மேலே போன தட்டுதான் கனமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் தராசு வைத்து நிறை அளக்கச் சொல்லித் தருகிறார்கள். நானும் ஒரு ஹேங்கரின் இரு முனைகளிலும் கப் கட்டி வீட்டில் பழக்குகிறேன். மேலே போன கப்பில் இருப்பதுதான் கனம் என்கிறாள். பெரிய பொருள்தான் கனம் என்று வேறு அடித்துச் சொல்கிறாள். கிராம் கணக்கை எப்போது தொடங்கலாம்? நிறை என்று சொல்வதா, எடை என்று சொல்வதா?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவளுக்கு இதுவரை 'மேலே' என்றாலே அதிகம்தான். உயரமும் அப்படி, அடுக்கிய கட்டைகளும் அப்படி. வாயால் திருத்தாதீர்கள். கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்லி, கைக்கொரு பையாக மாட்டிவிடுங்கள். ஒரு பையில் மட்டும் புத்தகங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தானாக இறங்கும். அப்போது கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

பெரியதுதான் கனம் என்பதற்கு ஒரு ஸ்பாஞ்சும் ஒரு கூழாங்கல்லும் போதும். முதலில் ஊகம், அப்புறம் தராசு. இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஊகிக்காத குழந்தைக்குத் தராசில் பார்க்க ஒன்றுமில்லை. பெரியவர்களின் கையும் ஏமாறத்தான் செய்கிறது. ஒரே நிறையுள்ள இரண்டு பெட்டிகளைத் தூக்கினால் சின்னதுதான் அதிகக் கனமாகத் தோன்றும். சார்ப்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1891-லேயே இதை எழுதிவைத்தார்.

ஹேங்கர் தராசு வெறுமையாக இருக்கும்போது சமமாக நிற்கிறதா? இல்லையென்றால் மேலே ஏறிய பக்கத்தில் துளி களிமண் ஒட்டுங்கள். பிறகு பொருள்களை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். முடிவு மாறினால் தப்பு தராசில். பெரும்பாலும் ஒரு கப் கொக்கியிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கும்.

கிராமுக்கு அவசரம் வேண்டாம். முதலில் கோலிக்குண்டால் அளக்கட்டும். ஒரு பொருள் சின்னக் குண்டில் 14, பெரிய குண்டில் 9 என்று வந்தால், "எது சரி?" என்று அவளே கேட்பாள். கிராம் பேச வேண்டிய நேரம் அதுதான். கிலோகிராமுக்கே 1889 முதல் 2019 வரை பாரிஸ் அருகே பூட்டிவைத்த ஓர் உலோக உருளைதான் அளவு என்று சொல்லிப் பாருங்கள், கதை கேட்பது போலக் கேட்பாள்.

எடைக்கல் வாங்கக்கூட வேண்டாம். தராசின் ஒரு கப்பில் 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். மற்றதில், சமமாகும் வரை களிமண். தண்ணீர் மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், அந்தக் களிமண் உருண்டை 100 கிராம். அதைத் தராசிலேயே இரண்டு சம பாதியாக்கினால் 50, இன்னொரு முறை பாதியாக்கினால் 25. தன் கையால் செய்த எடைக்கல்லை எந்தக் குழந்தையும் மறக்காது.

கையோடு இன்னொன்று. இரண்டு 50 கிராம் உருண்டைகளில் ஒன்றைப் பாம்பாக உருட்டி, "இப்போது எது கனம்?" என்று கேளுங்கள். ஏழு வயதில் பலர் பாம்புதான் என்பார்கள். பதில் சொல்லாமல் தராசில் வையுங்கள்.

நிறையா, எடையா? நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது; எடை என்பது அதைக் கீழே இழுக்கும் விசை. தராசு ஒப்பிடுவது நிறையை. நிலாவுக்குக் கொண்டுபோனாலும் இரு தட்டும் ஒரேபோல இலேசாகும், முடிவு மாறாது. சுருள்வில் தராசுதான் அங்கே ஆறில் ஒரு பங்கு காட்டும். பள்ளியில் நிறை என்றால் நீங்களும் நிறை என்றே சொல்லுங்கள். பேச்சில் எடை என்று வந்துவிட்டால் பிடித்துத் திருத்த வேண்டியதில்லை.