கண்ணுக்கு எட்டும் உயரம்

அன்புள்ள ஐயா,

மாதிரி ராக்கெட்டுகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் நானும் என் மகளும் (ஒன்பது வயது) இதில் இறங்கினோம். முதலில் செய்தது எஸ்டெஸ் கம்பெனியின் மஸ்கிட்டோ. உள்ளங்கையில் அடங்கிவிடும். மகள் அதன் மூக்கில் இரண்டு கண்கள் வரைந்தாள். நான் பெரிய மோட்டாராகவே பார்த்து, முழு ‘ஏ’ வகையைப் போட்டேன். முதல் தடவை பட்டனை அழுத்தியபோது பற்றவில்லை. உடனே போய் வயரைச் சரிசெய்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினேன். விஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். எங்கே போனது, எங்கே விழுந்தது என்று எதுவும் தெரியவில்லை. அவள் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

மூன்று கேள்விகள். உங்களுக்குப் பிடித்த ஐந்து குட்டி ராக்கெட்டுகள் எவை? எடையை இன்னும் குறைத்தால் இன்னும் உயரம் போகுமா? இதெல்லாம் விளையாட்டுச் சாமான், பெரிய ராக்கெட்டுக்குப் போ என்கிறார் ஒரு நண்பர். போய்விடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குட்டி ராக்கெட் செய்கிறவர்கள் ஏன் எல்லோரும் உயரத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சில நாட்களாக எனக்குள் ஒரு எரிச்சல். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பரை விடுங்கள். விளையாட்டுச் சாமான் என்றால் ஆமாம், விளையாட்டுச் சாமான்தான். பெரிய ராக்கெட்டில் பசை கொஞ்சம் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. மொத்தமே சில கிராம் உள்ள பொருளில் ஒரு சொட்டு பசை எங்கே விழுந்தது என்பதும் கணக்கில் வரும். அவரையே ஒன்று செய்து பறக்கவிடச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஐந்து பெயர்களுக்குப் பட்டியல் போடுவது எனக்கு வராது. எஸ்டெஸ் வெளியிட்ட முதல் கிட், ஆஸ்ட்ரான் ஸ்கௌட், அதன் தந்திரத்துக்காகப் பிடிக்கும். பாராசூட் கிடையாது. உச்சிக்குப் போனதும் மோட்டாருக்குள் இருக்கும் கடைசி மருந்து வெடித்து, மோட்டாரையே கொஞ்சம் பின்னால் தள்ளும். அதோடு எடை மையம் பின்னுக்குப் போய்விடும். அதுவரை அம்பு மாதிரி போனது நிலை தவறி, குட்டிக்கரணம் போட்டபடி மெதுவாக இறங்கும். அப்புறம் மைக்ரோமேக்ஸ் வகை. மோட்டாரின் விட்டமே கால் அங்குலம்தான். தட்டு வடிவத்தில் வரும் பறக்கும் சாஸர்களும் பிடிக்கும். மஸ்கிட்டோவும் பிடிக்கும், ஆனால் நீங்கள் பறக்கவிட்ட மாதிரி அல்ல.

ஏன் ஐயா முழு ‘ஏ’? அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் மோட்டார் தரக்கூடிய மொத்த உந்துதலின் உச்ச அளவு இரண்டு மடங்காகும். அரை ‘ஏ’ என்றால் அதிகபட்சம் 1.25 நியூட்டன் நொடி, முழு ‘ஏ’ என்றால் 2.5. மஸ்கிட்டோவுக்குப் பொருந்துகிற 13 மில்லிமீட்டர் மோட்டார்களில் இரண்டும் உண்டு. முழு ‘ஏ’ போட்டால் அது 200 மீட்டருக்கு மேல் போகும். போகட்டும், நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. மஸ்கிட்டோவின் குழாய் 14 மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமன் இந்தக் கோணத்துக்குள் சுருங்கிப்போக 50 மீட்டர் தூரம் போதும். அதற்கு மேல் அது வெறும் கீறல், இன்னும் மேலே அதுவும் இல்லை. மோட்டாரோ ஏறக்குறைய ஒரு நொடியில் எரிந்து முடிந்துவிடுகிறது. 200 மீட்டர் பயணத்தில் உங்கள் கண்ணுக்குக் கிடைத்தது அடியில் இருந்த சொற்பம்தான், அதுவும் இமைப்பதற்குள். மீதியைப் பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. மகள் வரைந்த இரண்டு கண்களைத் தவிர.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. உயரம் என்பது பெட்டியில் அச்சடித்த எண். பறப்பதைப் பார்ப்பதுதான் நாம் மைதானத்துக்குப் போகிற காரணம். நேராக நிறுத்திவைக்கும் ஏவுகம்பியை விட்டுக் கிளம்புவது, உச்சியில் தயங்குவது, ‘டப்’ என்ற சத்தம், சுழன்று இறங்குவது, புல்லில் விழுவது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பறத்தல் குறைப்பட்டதுதான். நீங்கள் நாலைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்களைவிடப் பத்து வயது மூத்த ஒரு அண்ணா. சிடுமூஞ்சி. பால்சா என்ற லேசான மரத்தில் செய்த இறக்கையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மரத்தின் ரேகை முன்விளிம்போடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்ப்பார். குறுக்கே ஓடினால் ஒடித்துக் கீழே போடுவார், நாம் ஒரு மணி நேரம் உப்புத்தாளில் தேய்த்திருந்தாலும் சரி. ஒட்டும்போது இறக்கையின் அடியிலும் குழாயிலும் மெல்லிசாகப் பசை தடவிக் காயவிடுவார். காய்ந்த பிறகு இன்னொரு மெல்லிய பூச்சு, அப்புறம்தான் அழுத்துவது. இணைப்பின் இரு பக்கமும் சுண்டுவிரலை ஓட்டி, பிதுங்கிய பசையை வழித்து எடுத்துவிடுவார். அந்த விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை ஒரு தோல் மாதிரி உரிந்துகொண்டிருக்கும். எவ்வளவு உயரம் அண்ணா என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். “கீழ வந்துச்சாடா?” என்பார். அது ஒன்றுதான் அவருடைய கேள்வி.

வராமல் போனவற்றைத் தேடவும் அவரிடம் வழி இருந்தது. எங்களில் இரண்டு பேரை மைதானத்தின் இரண்டு மூலைகளில் நிறுத்திவிடுவார். ராக்கெட் எந்தத் திசையில் இறங்கி மறைகிறதோ அந்தத் திசையில் கையை நீட்டியபடி அப்படியே நிற்க வேண்டும். கொசு கடித்தாலும் கையை இறக்கக் கூடாது. இரண்டு கைகளும் காட்டுகிற கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே போய்த் தேடுவார். பெரும்பாலும் கிடைத்துவிடும். கையை இறக்கியவனுக்கு அன்று அடுத்த ராக்கெட்டைத் தொட அனுமதி இல்லை.

அவர் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும் அவர் சகோதரர் ராபர்ட்டும் 1954இல் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தபோது, வானவேடிக்கையிலிருந்து அது விலகியது எங்கே? தீபாவளி ராக்கெட்டும் மேலே போகத்தான் செய்கிறது. இவர்களுடையது பாராசூட்டில் இறங்கி வந்தது. மோட்டாரை மாற்றி மறுபடி விடலாம். திரும்பி வராத ராக்கெட்டைச் செய்ய இத்தனை பாடு எதற்கு?

சரி, எடை. குறைத்தால் உயரம் கூடும் என்பது பாதி உண்மை. ஒரே அளவுள்ள கூழாங்கல்லையும் தெர்மாகோல் உருண்டையையும் வீசிப் பாருங்கள். மோட்டார் அணைந்த பிறகு ராக்கெட்டும் வீசப்பட்ட பொருள்தான். ரொம்ப லேசாக இருந்தால் காற்று உடனே பிடித்து நிறுத்திவிடும். ஒவ்வொரு மோட்டாருக்கும் உயரத்துக்கென்று ஒரு பொருத்தமான எடை உண்டு, அதற்குக் கீழே போனால் நஷ்டம். லேசாக இருப்பதன் லாபம் இறங்கும்போதுதான் தெரியும். எல்லா அளவையும் பாதியாக்கினால் பரப்பு நாலில் ஒன்றாகும், எடை எட்டில் ஒன்றாகும். காற்று தாங்குவது பரப்பை, பூமி இழுப்பது எடையை. ஆகவே சின்னது மெதுவாக விழும். குட்டி ராக்கெட்டுக்குப் பாராசூட் தேவைப்படாததன் ரகசியம் இதுதான். மகளுக்கும் இதைச் சொல்லுங்கள், ஒன்பது வயதில் தாராளமாகப் புரியும்.

அடுத்ததாக ஒரு குண்டு ராக்கெட் செய்யுங்கள். கனமான தாளை 25 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுருட்டிக் குட்டையாக ஒரு குழாய், 13 மில்லிமீட்டர் மோட்டார் உட்கார உள்ளே வளையங்கள், பின்னால் தாராளமான இறக்கைகள், இறங்கும்போது விரிந்து வேகத்தைக் குறைக்க, உள்ளே மடித்து வைக்க ஒரு பளபளப்பான நாடா. நாடாவின் நீளம் அகலத்தைப் போலப் பத்து மடங்கு இருக்கட்டும். நாடாவுக்கும் மருந்துக்கும் நடுவே தீப்பிடிக்காத பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் கருகிய நாடாதான் இறங்கி வரும். பெயின்ட் வேண்டாம், ஸ்கெட்ச் பேனா போதும். மோட்டாரைப் போட்டுவிட்டு, அது சமநிலையில் நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கை முன்னால் வைத்துச் சுற்றினால் சரி. தடுமாறினால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண். மோட்டார் அரை ‘ஏ’, அதிலும் தாமதம், அதாவது எரிந்து முடிந்த பிறகு கடைசி மருந்து வெடிக்கும்வரை உள்ள நேரம், இரண்டு நொடி உள்ளதாகப் பாருங்கள். நான்கு நொடி உள்ளதைப் போட்டால் தாழப் பறக்கிற குண்டனுக்கு மருந்து வெடிப்பதற்குள் தரை வந்துவிடும். ஐம்பது அறுபது மீட்டர் போகும், முழுக்கத் தெரியும். கண்களை இந்தத் தடவை இன்னும் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

அவள் அழுததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போன பிறகும் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை கிடைப்பது அபூர்வம். அண்ணா இருந்திருந்தால் ஒரு மூலையை அவளிடம் கொடுத்திருப்பார்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பற்றவில்லை என்றதும் உடனே போனீர்களாமே. மகளும் பக்கத்தில் வந்தாளா? இனி பற்றாவிட்டால் முதலில் கன்ட்ரோலரிலிருந்து சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் முழுக்கக் கழிய வேண்டும். இந்தச் சின்ன மோட்டார்களுக்கும் ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கம்பிக்கு மேல் குனியாதீர்கள். நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டாம், மகளை ஒன்றிலிருந்து அறுபது வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். அவள் முடிக்கும்வரை நீங்கள் அசையக் கூடாது.