முதலில் இயந்திரமா, ருசி பார்க்கும் நாக்கா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 40 சிறு தேயிலை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் சேமித்திருக்கிறோம். சிறிய நாடுகள் புதுமைக் கொள்கையால் முன்னேறியதாக மகள் படித்துச் சொன்னாள். நாங்களும் சிறு உருட்டு இயந்திரமும் உலர்த்தியும் வாங்கி, ஸ்பெஷல் டீ செய்யலாமா?

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் இயந்திரத்தை இந்த வருஷம் வாங்காதீர்கள்.

ருவாண்டாவைப் பாருங்கள். 2000 வாக்கில் அங்கே காப்பிப் பழத்தை வீட்டிலேயே உரித்துக் கழுவி, சாதாரண ரகமாக மலிவாக விற்றார்கள். பழத்தைப் பறித்த அன்றே உரிக்காவிட்டால் சுவை கெட்டுவிடும். அதனால் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே கழுவு நிலையங்கள் வந்தன. பத்தாண்டுக்குள் நூற்றைத் தாண்டின. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: பூட்டாரே ஊரில் இருந்த ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, காப்பியை ருசித்துக் குறை சொல்லும் ஆட்களை உள்ளூரிலேயே பழக்கினார்கள். சிறந்த காப்பியைத் தேர்ந்தெடுக்கும் ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ போட்டி ஆப்பிரிக்காவில் முதல்முறையாக 2008இல் அங்கேதான் நடந்தது. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உலகம் அறிந்த முறையைத் தங்கள் மலைக்குப் பழக்கிக்கொண்டார்கள். சிறிய நாட்டுக்குப் பெரும்பாலும் புதுமை என்பது இதுதான்.

கோஸ்டாரிகா என்ற சிறிய நாட்டில் 1997இல் கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனத்தின் ஆலை வந்தது, 2014இல் உற்பத்திப் பிரிவை மூடினார்கள். ஆனாலும் மருத்துவக் கருவித் தொழில் அங்கே வளர்ந்துகொண்டே போனது. காரணம், படித்துப் பழகிய ஆட்கள் ஊரில் இருந்தார்கள்.

உங்கள் தோட்டத்துக்கு வருவோம். மதியம் வண்டிக்காகக் காத்திருக்கும் கொழுந்து மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று இருக்கும், நடுவில் இலை சிவந்திருக்கும். அந்த இலையை எந்த இயந்திரத்தில் போட்டாலும் நல்ல டீ வராது. முதல் செலவு வலைப்பை, நிழல் கொட்டகை, இரண்டு இலை ஒரு மொட்டு பறிப்பதற்குக் கூடுதல் கூலி. கத்தரியால் வெட்டிய இலையை வழக்கம்போல் ஃபேக்டரிக்கே கொடுத்துவிடுங்கள், அந்த வருமானம் நிற்கக் கூடாது.

அடுத்து, குழுவில் இரண்டு இளைஞர்களைக் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒருவர் உங்கள் மகளாகவே இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வரும், மணம் தூக்கலாக இருக்கும். அப்போது வேறொருவர் இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து 20 கிலோ கொழுந்தில் செய்து பாருங்கள். நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வாடை அடித்தால் வாட்டல் போதவில்லை. கருகல் அடித்தால் உலர்த்தியில் சூடு அதிகம். ஒவ்வொரு முறையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதே சுவை தொடர்ந்து மூன்று முறை வந்த பிறகு இயந்திரத்துக்கு விலை கேளுங்கள்.