பழனி மலைக் கல்திட்டைகளும் சுற்றியுள்ள ஊர்களும்: கேள்வி பதில்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, பேத்துப்பாறை பக்கத்துக் கல்திட்டைகளை, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக்கற்களை நிறுத்தி எழுப்பிய ஈமச்சின்னங்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் இரண்டு கல்திட்டை இருக்கிறது. வெளியே சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். உண்மையா அண்ணா? (பண்ணைக்காடு)

இந்தப் பயம்தான் கல்திட்டைகளுக்கு முதல் எதிரி. ராத்திரியோடு ராத்திரியாகப் பலகைக்கல்லைப் பெயர்த்து வேலிக்கு ஊன்றுகிறவர்களில் பலர் பட்டா போய்விடும் என்று பயந்தவர்கள்தான்.

தகவல் சொன்ன மாத்திரத்தில் நிலம் கைமாறாது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க, முதலில் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் உண்டு. அறிவித்த பிறகு, 2010 திருத்தத்தின்படி, சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ஆனால் விவசாயம் நிற்காது. பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள்ளேயே, ஒரு அடிக்கு மேல் மண்ணைத் தோண்டாத சாகுபடிக்குத் தடையில்லை என்று சட்டமே சொல்கிறது. மாநில அரசுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

எந்தப் பட்டியலிலும் ஏறாத கல்திட்டைகளே நம் மலையில் அதிகம். அவற்றுக்கு இன்றைக்குக் காவல் உங்களைப் போன்ற தோட்டக்காரர்கள்தான். கல்லைச் சுற்றி நாலைந்து கெஜம் விட்டுக் குழி எடுங்கள். கூரையாகக் கிடக்கும் மூடுகல்லுக்கு மேலே நிற்கும் நிழல்மரக் கிளையைக் கவாத்தின்போதே கழித்துவிடுங்கள். காற்றில் முறிந்து விழுந்தால் கல் இரண்டாகிவிடும். காய்ந்த சருகைப் பக்கத்தில் குவித்துக் கொளுத்தவே கூடாது. சூட்டில் பாறை பொரிந்து தகடு தகடாக உரியும்.

கல்லைப் பாதுகாத்தால் போதாதா? சுற்றியுள்ள மலைச்சரிவையும் ஊரையும் எதற்கு இழுக்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், கொடைக்கானல்)

தம்பி, ஒரு கல்திட்டையின் முன் உட்கார்ந்து அடிப்பகுதியைப் பாருங்கள். மூன்று பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், சுற்றி அடுக்கிய கற்சுவர். சாந்து கிடையாது. பல இடங்களில் பாறைத் தட்டின் மேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். சீட்டுக்கட்டில் கட்டிய வீடு மாதிரி ஒன்றை ஒன்று தாங்கித்தான் அது நிற்கிறது. மேலே 200 அடி தள்ளி யாரோ சரிவை வெட்டிச் சமதளம் ஆக்கினால், ஐப்பசி மழையில் தண்ணீர் தன் தடத்தை மாற்றி நேரே இந்த அடிக்கல்லுக்கு வரும். இரண்டு மழைக்காலம் தாங்கலாம், அப்புறம் சாய்ந்துவிடும். கல்லை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கல்திட்டை தனியாக இருக்கும்போது அதற்குப் பாதி அர்த்தம்தான். மலையடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே பொருந்தல் இருக்கிறது. 2009, 2010இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது, ஈமக்குழியில் ஒரு நாலுகால் ஜாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று ஆய்வில் வந்தது. தாண்டிக்குடியிலும் அவர் அகழாய்வு செய்திருக்கிறார். கீழே நெல் விளைந்த சமவெளி, மேலே ஈமச்சின்னங்கள், நடுவில் ஆறும் ஏறுபாதையும். இந்த மொத்தத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று புரியும். பாதையை அழித்துவிட்டுக் கல்லுக்குக் கம்பிவேலி போடுவதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உள்ளே தங்கம் இருக்குமா?

இருக்காது. மண்பாண்டம், இரும்புச் சாமான், மணிகள், இவைதான் கிடைப்பவை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெரும்பாலான அறைகளைக் கிளறிவிட்டார்கள். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878ஆம் வருஷச் சட்டம். இன்றும் நடப்பில் இருக்கிறது.

நாங்கள் பளியர் பழங்குடி. பாட்டி காலத்திலிருந்து தேனெடுக்கப் போகும்போது அந்தக் கல்லில் விளக்கு வைப்போம். பாதுகாப்பு என்று சொல்லி எங்களை உள்ளே விடாமல் செய்துவிடுவார்களோ?

தங்கச்சி, நீங்கள் கேட்டதுதான் இதில் முக்கியமான கேள்வி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 2013இல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயத்துக்குள்ளும் செல்லுபடியாகும். அதன் ஐந்தாம் பிரிவு, உங்கள் பண்பாட்டையும் இயற்கையையும் கெடுக்கும் செயலிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தை கிராம சபைக்கே கொடுக்கிறது. விளக்கு வைக்கும் இடம், போகும் தடம், தேன் பாறை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, கிராம சபைத் தீர்மானத்தில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இத்தனை காலம் அந்தக் கல் நிற்கிறது என்றால் உங்கள் ஆட்கள் அதை மதித்ததும் ஒரு காரணம். உங்களை வெளியே நிறுத்தும் எந்தத் திட்டத்தையும் எதிர்க்க நானும் வருவேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எண்ணெய் கல்லில் படாமல், விளக்கை முன்னால் தரையில் வையுங்கள்.

பக்கத்து இடத்தில் பொக்லைன் வைத்துப் பாறையை உடைக்கிறார்கள். யாரிடம் போவது? (தாண்டிக்குடி)

முதலில் போட்டோ, சர்வே எண், தேதி. அதோடு விஏஓவிடமும் கொடைக்கானல் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் (ஆர்டிஓ) எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ச்சொல் நிற்காது. மலையில் பொக்லைன் இறக்கவே அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் குள்ளர் குகை என்று சொல்லும் கல்திட்டையைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டலாமா?

காட்டுங்கள், ஆனால் ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாகக் கூலி கொடுத்து அனுப்புங்கள். அந்தக் கல்லால் ஊருக்கு நாலு காசு வந்தால் ஊரே அதைக் காக்கும். மூடுகல்லில் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள். ஆள் போகாத இடங்களின் லொக்கேஷனை நெட்டில் போட வேண்டாம். நீலகிரியில் கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களின் மேல் வந்து போனவர்கள் கிறுக்கி வைத்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக எது நல்ல நேரம், ஐயா? (ஆசிரியை, வத்தலக்குண்டு)

பொங்கலுக்குப் பிறகு, காட்டுத்தீ காலம் தொடங்குவதற்குள். முதலில் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அம்மா. 1895இல் இயேசு சபையார் தொடங்கியது. இங்கே சேகரித்த பானைகளை அங்கே பார்க்கலாம். இந்தக் கல்திட்டைகளை அளந்து 1928இல் புத்தகமாக்கிய ஆங்லேட், நியூட்டன் இருவரும் அந்தச் சபைப் பாதிரியார்கள்தான். அப்புறம் கல்லிடம் போகும்போது ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் போதும். சாக்பீஸ் மட்டும் வேண்டாம்.