கேஸ் சென்சாருக்கு சீரோ மட்டும் போதுமா?

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சமையலறையில் பொருத்திய கேஸ் சென்சார், அடுப்பே பற்றவைக்காத காலை நேரத்திலும் 4, 5 என்று காட்டியது. டெக்னீஷியன் வந்து சீரோ செய்துவிட்டு, அதாவது இலக்கம் 0 காட்டும்படி சரிசெய்துவிட்டுப் போனார். லைட்டர் கேஸைக் காட்டினால் அலாரம் அடிக்கிறது. இனிப் பயமில்லைதானே?”

பயம் இன்னும் தீரவில்லை. அந்த 4, 5 உண்மையான கசிவாகவே இருந்திருக்கலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. இரவு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கடையில் தரையோடு தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் சீரோ செய்தால், கேஸ் கலந்த காற்றையே சுத்தமான காற்று என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். கதவுகளை நன்றாகத் திறந்துவைத்த பிறகு இலக்கம் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். ரெகுலேட்டர், டியூப், இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். இறங்காமல் அப்படியே நின்றால்தான் சென்சாரின் சீரோ நகர்ந்திருக்கிறது என்று நினைக்கலாம்.

லைட்டர் சோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள். சென்சாரின் இலக்கத்தைக் காட்டி அலாரம் அடிக்கும் பெட்டியான பெனலில் 100 என்பது கேஸ் வெடிக்கத் தொடங்கும் அளவு. பியூட்டேனுக்கு அது காற்றில் ஏறத்தாழ 1.8 சதவீதம்தான். லைட்டரிலிருந்து வருவதோ அதைவிடப் பலமடங்கு செறிவு. அதற்கு அலாரம் அடிப்பதால், அலாரத்துக்கென்று வைத்த 20இல் அடிக்குமா என்பது தெரியவராது. உள்ளே சூடாக்கிய சின்னப் பாசிமணி போன்ற பகுதியில் கேஸை எரித்து அளக்கும் கெட்டலிடிக் சென்சார் என்றால் பழுதாகவும் கூடும்.

சீரோவுக்கு அப்புறம் ஸ்பேன் செய்ய வேண்டும், அதாவது கேஸ் இருக்கும்போது சரியான இலக்கம் காட்டும்படி சரிசெய்ய வேண்டும். அளவு தெரிந்த கேஸை, பெரும்பாலும் 50 அளவில், சென்சாரின் மேல் மாட்டும் கலிபரேஷன் கப் வழியாகத் தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில் விட்டு, இலக்கம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, சிலிண்டர் லேபிளில் உள்ள அளவுக்குப் பொருத்த வேண்டும். சென்சாரிலிருந்து பெனலுக்குப் போகும் 4–20 மில்லிஅம்பியர் வயரில் (0க்கு 4, 100க்கு 20) 50க்கு 12 வர வேண்டும். எவ்வளவு முயன்றும் ஏறாவிட்டால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். சிலிக்கோன் ஸ்ப்ரே, எண்ணெய்ப் புகை இரண்டும் அதற்கு ஆகாது.

எந்தக் கேஸால் கலிபரேட் செய்தார் என்று டெக்னீஷியனிடம் கட்டாயம் கேளுங்கள். இங்கே நாம் எரிப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. மீத்தேனால் சரிசெய்த சென்சார் இவற்றைக் குறைத்தே காட்டும், சிலது பாதியளவு. அப்படியானால் நீங்கள் 20 என்று வைத்த அலாரம் உண்மையில் 40 வந்த பிறகுதான் அடிக்கும். புரொப்பேன் அல்லது பியூட்டேனாலேயே செய்யச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியைப் போடச் சொல்லுங்கள்.

சென்சார் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்; தரை கழுவும் தண்ணீர் தெறிக்காமல் ஒரு மறைப்பு வையுங்கள். உங்கள் கடை போன்ற எண்ணெய்ப் புகையும் கடல் காற்றும் சேரும் இடத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை கலிபரேஷன் செய்வது நல்லது.

வேலை நடக்கும்போது அலாரம் அடிக்காமலும் வால்வு மூடாமலும் இருக்கப் பெனலை இன்ஹிபிட்டில் போட்டிருப்பார்கள். ஆள் கிளம்புவதற்கு முன் அதை எடுத்தாரா என்று பாருங்கள். எடுத்த பிறகு கொஞ்சம் டெஸ்ட் கேஸ் கொடுத்து, கேஸ் லைனின் வால்வு தானாக மூடுவதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.