எழுத்தறிவை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி: கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவராகச் சேர்க்கிறார்களா?

பதில்: சேர்க்கக் கூடாது என்பதே விதி. ஏழு வயது நிறைந்த ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் அறிந்திருந்தால்தான், பள்ளிக்கே போகாதவராயினும், எழுத்தறிவு பெற்றவராகக் கொள்ளப்படுவார். ஆனால் பெரும்பாலும் வீட்டிலிருப்பவர் சொல்லும் பதிலே பதிவாவதால், 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு வீதமாகக் கிடைத்த ஏறத்தாழ 73 விழுக்காட்டை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பயனோ அந்த எண்ணுக்குள் முழுதும் அடங்காது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அதன்கீழ் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தர, பல்லாயிரம் பெண்கள் ஆண்துணையை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்தார்கள். ஒரு சிறு பகுதியினரிடமாவது ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, விழுக்காட்டைச் சரிபார்ப்பதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.