மூன்றாவது பெட்டியை எங்கே வைப்பது?

வாசகர், விசுவமடு: விறாந்தையில் ஃபைபர் ரவுட்டரும் முதல் மெஷ் பெட்டியும் (வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் பெட்டி), நடு அறையில் இரண்டாவது பெட்டியும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் குசினிக்கு வைஃபை எட்டாததால் மூன்றாவதை வாங்கி அங்கேயே வைத்தேன். போனில் எல்லாக் கோடும் காட்டுகிறது. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெட்டி பழுதா?

பழுதில்லை, வைத்த இடம்தான் பிழை. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் குசினிப் பெட்டிக்கும் இடையில் உள்ளதை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கு நடு அறையிலிருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்பது அதில் தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் வராத கடைசிக் காணிக்குப் பெரிய மதகு கட்டிய கதைதான்.

மூன்றாவது பெட்டியை முதலில் நிறுத்திவிடுங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் போன் அதையே பிடித்துக்கொள்ளும், அளவு பொய்யாகும். அன்ட்ரொயிட் போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, நடு அறைப் பெட்டியின் 5 கிகாஹேர்ட்ஸ் சிக்னலைப் பார்த்தபடி குசினிப் பக்கம் நடந்து போங்கள். -50 (dBm) என்றால் மிக நல்லது, பூச்சியத்திலிருந்து விலக விலகப் பலம் குறையும். -65 வரும் இடம்தான் மூன்றாவது பெட்டிக்கு எல்லை. -70ஐத் தாண்டிய இடத்தில் வைத்தால் இப்போதுள்ள தொல்லைதான் மிஞ்சும். பெரும்பாலும் அந்த எல்லை வீட்டின் பின்பக்க யன்னலோரமாக இருக்கும். ஐந்தடி உயரத்தில், இரும்பு அலுமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பின்னால் மறையாமல் வையுங்கள். தகரச் சுவர் சிக்னலை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும்; கொங்கிறீற் சுவரும் நிறைய விழுங்கும். அடுப்புப் புகை படும் இடமும் வேண்டாம், காற்றுத் துவாரங்கள் பிசுக்கால் அடைபடும்.

இன்னொன்று: இரண்டு அலைவரிசை மட்டுமே உள்ள பெட்டி, வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் பாதியளவுக்கு விழும். முதலிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என்பதோடு சங்கிலி நிற்கட்டும், அதற்கு மேல் நீளக்கூடாது. நான்காவது பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

என்னைக் கேட்டால், குசினிக்கு நெட்வொர்க் வயர் இழுப்பதே சரி. கேட் 6 வயர் 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். முழுச் செம்பு வயரா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது வளைத்தால் முறியும். வெளியில் கட்டுவதற்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும். அதையும் பீவீசீ குழாய்க்குள் விட்டு நிலத்தில் புதையுங்கள், மேலே கட்டினால் அணில் கடிக்கும், குரங்கு தொங்கும். வயர் முனையில் பிளக் தலை அடிக்கும்போது நிற வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரு முனையும் ஒரே மாதிரி. நீலச் சோடியோ மண்ணிறச் சோடியோ சரியாகப் பிடிக்காவிட்டால் இணைப்பு வேலை செய்யும், ஆனால் 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100இல் நிற்கும். பெட்டியை முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து வைஃபையில் சேர்த்த பிறகே குசினிக்குக் கொண்டுபோய் வயரைக் குத்துங்கள்.

இடிமின்னல் காலத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஓடும் செம்பு வயர் இரு பக்கப் பெட்டிகளையும் ஒன்றாகவே பறித்துவிடும். ஏப்ரல் பின்னேர இடியும் ஐப்பசி இடியும் நமக்குத் தெரிந்தவைதானே. முழக்கம் தொடங்கும் முன்பே, வானம் கறுக்கும்போதே, மின் பிளக்கோடு இந்த வயரையும் கழற்றுங்கள். செலவு பரவாயில்லை என்றால் ஃபைபர் வயரும் இரு முனைக்கும் இரண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (ஒளியை மின் சிக்னலாகவும் அதைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் பெட்டி) போடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

வாசகி, மாங்குளம்: கனடாவிலிருந்து அண்ணா தான் பாவித்த மெஷ் பெட்டி இரண்டை அனுப்பியிருக்கிறார். எங்களிடம் உள்ளதோடு சேருமா?

ஒரே கொம்பனியின் ஒரே வகையென்றால் சேரும். டிபி-லிங்க் டெக்கோவோடு டெக்கோதான் சேரும், மாதிரி இலக்கம் வேறானாலும் பரவாயில்லை. புதியதை முதல் பெட்டியாக வையுங்கள். குத்துவதற்கு முன் அடப்டரைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் எரிந்துவிடும். பழைய அமைப்புகளை அழிக்க, ரீசெட் துவாரத்தில் ஊசியால் அழுத்துங்கள்.

வாசகர், முள்ளியவளை: கரண்ட் போனால் வைஃபையும் போகிறது. 10,000 மில்லி அம்பியர் மணி மினி யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணி, இழப்புப் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 30. பத்து வாட் எடுக்கும் ஒரு பெட்டிக்கு மூன்று மணி நேரம். ஃபைபர் பெட்டியும் மெஷ் பெட்டியும் சேர்ந்தால் ஒன்றரை. 9 வோல்ட், 12 வோல்ட் துவாரங்களை மாற்றிக் குத்தாதீர்கள். வீட்டின் மறுகோடியில் உள்ள பெட்டிகளுக்குக் கரண்ட் இல்லையென்றால் அவை அணைந்தே இருக்கும், ஆகவே அந்த ஒன்றரை மணி நேரமும் விறாந்தையில் இருந்துதான் பார்க்க வேண்டும்.