தூங்கா நகரத்தில் பிள்ளைகளாவது தூங்கட்டும்

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றித்தான். பிளஸ் டூ பிள்ளையிலிருந்து ரிட்டயர்டு ஆனவர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே கவலை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி 12.30 வரை படிப்பாள், காலையில் 4.30-க்கு நான் எழுப்பிவிடுவேன். அப்படியும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகிறது என்று அழுகிறாள். வல்லாரை மாத்திரை, ஞாபகசக்தி டானிக், ஊறவைத்த பாதாம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. இன்னும் என்ன கொடுக்கலாம் டாக்டர்?
– ஒரு தாய், திருமங்கலம்

புதிதாக எதுவும் கொடுக்க வேண்டாம் அம்மா. முதலில் அந்த 4.30 அலாரத்தை நிறுத்துங்கள்.

உங்கள் மகள் தூங்குவது 4 மணி நேரம். அவள் வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். பகலில் படித்ததை மூளை முதலில் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியின் துணையோடுதான் பிடித்து வைக்கிறது, அது நிலையாகப் பதிகிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது, அதிலும் ஆழ்ந்த தூக்கத்தில். அந்தத் தூக்கத்தை நாமே வெட்டிவிட்டு, படித்தது நிற்கவில்லையே என்று பிள்ளையைக் கேட்பது நியாயமில்லை. தூக்கம் குறைந்த மறுநாள் வகுப்பில் கவனமும் இருக்காது. கவனிக்காத பாடம் மனசுக்குள் போகவே போகாது, அப்புறம் எங்கிருந்து ஞாபகம் வரும்?

விடியற்காலையில் படித்தால் மனசில் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சொன்ன தாத்தா பாட்டி ராத்திரி 8 மணிக்கே பாயை விரித்தவர்கள், அவர்களுக்கு 4 மணிக்குத் தூக்கம் முழுசாக முடிந்திருக்கும். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓடும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது. இது சோம்பேறித்தனம் இல்லை, வளர்ச்சியின் ஒரு பகுதி. 10 மணிக்குப் புத்தகத்தை மூடி, 10.30-க்குள் படுத்து, 6.30-க்கு எழுந்தால் 8 மணி நேரம் கிடைத்துவிடும். மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர் இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ராத்திரி 11 மணிக்குப் புரோட்டாக் கடையில் ஸ்கூல் பிள்ளைகளோடு குடும்பமே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். முழித்திருந்து படிக்க டீ, காபி போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகும் அதில் இருக்கிற கஃபீனில் பாதி உடம்பிலேயே இருக்கும். சாயங்காலம் 4 மணியோடு நிறுத்திவிடுங்கள்.

படிக்கிற நேரம் குறைந்துவிடுமே என்று பதறாதீர்கள். படிக்கும் முறையை மாற்றினால் அதை ஈடுகட்டலாம். எப்படிப் படிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அநேகமாக ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பாள், முக்கியமான வரிகளில் மஞ்சள் கலர் அடித்திருப்பாள். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 2006-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஒரு பிரிவு மாணவர்கள் பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பிரிவு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை நன்றாகவே முந்திவிட்டார்கள்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஒரு பாடம் முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற பழைய வினாத்தாளை எடுத்து, நினைவுக்கு வருவதையெல்லாம் அதில் எழுதட்டும். முதல் தடவை நாலு வரியோடு பேனா நின்றுவிடும், பரவாயில்லை. திணறித் திணறி யோசிக்கிற அந்த நேரம்தான் மனசில் பதிகிற நேரம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுத வேண்டும். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். அப்புறம் நாலு நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை. படித்ததில் பெரும்பங்கு முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நழுவிவிடும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். மறப்பது இயல்புதான், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து.

இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வே சொல்கிறது. இரும்புச் சத்து குறைந்தால் சோர்வு, தலைசுற்றல், கவனக்குறைவு எல்லாம் சேர்ந்து வரும். பிள்ளை மந்தமாக இருக்கிறாள் என்று திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், இவற்றை விடச் சிறந்த இரும்புச் சத்து நம் ஊரில் கிடைக்காது. இல்லையென்றால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாக உடம்பில் சேராது. ஸ்கூலில் வாரம் ஒரு முறை தருகிற நீல மாத்திரையைத் தூக்கிப் போடாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

வல்லாரையை நிறுத்தச் சொல்லவில்லை. துவையலாக அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரைதான். தூங்காத பிள்ளைக்கு அதனால் மார்க் ஏறாது, அவ்வளவுதான். பாதாம் வாங்குகிற காசுக்கு வேர்க்கடலையும் முட்டையும் வாங்கலாம்.

நான் உசிலம்பட்டி. குரூப் 4-க்குப் படிக்கிறேன். தினமும் பஸ் ஏறி நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகத்துக்கு வந்துவிடுகிறேன். உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாது, கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. கவனம் நிற்க என்ன செய்ய?
– ஒரு வாசகர்

தம்பி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து படிக்கிறீர்களே, அந்த முயற்சியை முதலில் பாராட்டுகிறேன். உங்கள் மனசில் கோளாறு எதுவும் இல்லை. கைக்கெட்டுகிற இடத்தில் போனை வைத்துக்கொண்டு அதை எடுக்காமல் இருக்க முயல்வதே பெரிய வேலை, அந்த வேலையிலேயே பாதித் தெம்பு போய்விடும். சைலண்ட்டில் போட்டால் போதாது. சுவிட்ச் ஆஃப் செய்து பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே வையுங்கள். எடுக்க வேண்டுமென்றால் பையைக் காலி பண்ண வேண்டும் என்ற அளவுக்கு அது சிரமமாக இருக்கட்டும். நேரம் பார்க்கச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். மணி பார்க்கத்தான் போனை எடுத்தேன் என்று தொடங்கித்தான் முக்கால் மணி நேரம் போகிறது.

முதல் நாளே 3 மணி நேரம் அசையாமல் உட்காருவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். 20 நிமிஷம் படித்துவிட்டு எழுந்து, படிக்கட்டில் ஒரு மாடி ஏறி இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு வாரத்தில் அதை 30 ஆக்குங்கள், பிறகு 40. இடைவேளையில் போனைத் தொடக்கூடாது, அது முக்கியம்.

பஸ் நேரத்தையும் வீணாக்க வேண்டாம். உதாரணத்துக்கு அடிப்படை உரிமைகள்: 14 முதல் 18 வரை சமத்துவம், 19 முதல் 22 வரை சுதந்திரம், 23, 24 சுரண்டலுக்கு எதிரானது, 25 முதல் 28 வரை சமயம். வீட்டில் படித்துவிட்டு, செக்கானூரணி வருவதற்குள் எதையும் பார்க்காமல் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ, நூலகத்தில் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வரவும் கூடாது. பசித்த வயிறோடு கவனம் நிற்காது. இரண்டு இட்லியோ, ஒரு சொம்பு கம்பங்கூழோ, ஏதாவது ஒன்று.

ஞாபகசக்தி பயிற்சி வகுப்பு என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். 7-ஆம் வகுப்பு மகனைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, மேலூர்

வேண்டாம். எண்களையும் சீட்டுகளையும் வரிசையாகச் சொல்கிற திறமை பயிற்சியால் வரும், அது உண்மை. 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களைக் கவனித்துச் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலர் நம் தமிழர்தான். ஆனால் அவருடைய நினைவாற்றல் ஆழ்ந்த தமிழ்ப் புலமையின் மேல் எழுந்தது. சீட்டு வரிசை மனப்பாடம் ஆனதால் உங்கள் மகனுக்குக் கணக்கு வந்துவிடாது. அந்தப் பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி ஆடட்டும்.

எனக்கு 67 வயது. தெரிந்தவர்கள் பெயரே சட்டென்று வருவதில்லை, சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். சர்க்கரைக்கு 12 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். சைவம். இது மறதி நோயின் ஆரம்பமா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், வில்லாபுரம்

ஐயா, பெயர் சட்டென்று வராமல், அரை மணி கழித்துக் குளிக்கும்போது தானாக வந்தால், அது பெரும்பாலும் வயசுக்குரிய மறதிதான். சாவியைத் தேடினாலும், கடைசியாக எங்கே நின்றோம் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடிகிறதா, அதுவும் பயப்படும்படி இல்லை. வழக்கமாகப் போகிற தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பது, பணக் கணக்கு தடுமாறுவது, இவற்றை வீட்டில் இருப்பவர்கள் கவனித்தால்தான் தாமதிக்காமல் காட்ட வேண்டும். நம் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். மெட்ஃபார்மின் என்று இருந்தால், அதைப் பல வருஷம் எடுப்பவர்களில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். அசைவம் சாப்பிடாதவர்களுக்குக் குறைய இன்னும் வாய்ப்பு அதிகம், நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள். மறதி, பாத எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், இதெல்லாம் பி12 குறைவால் வரலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம். நாள்பட விட்டால் முழுசாகத் திரும்பாமல் போகலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். கூடவே தைராய்டும் பார்த்துவிடுங்கள். இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. தூக்கத்துக்கோ சளிக்கோ கடையில் நீங்களாக மாத்திரை வாங்குகிற வழக்கம் இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவற்றில் சில மறதியைக் கூட்டும்.

காது சரியாகக் கேட்கிறதா? டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறீர்களா? லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு வழிவகுக்கிற, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, புகை, குடி, தனிமை எல்லாம் அதில் உண்டு, காது மந்தமும் உண்டு. பெயர் மறந்துபோகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் முதலில் காதில் சரியாக விழுந்திருக்கவே இருக்காது. காது மெஷின் வைக்கக் கூச்சப்படாதீர்கள், கண்ணாடி போடக் கூச்சப்படவில்லையே.

அப்புறம் நடை. 2011-ல் வெளியான ஒரு ஆய்வில், 55 முதல் 80 வயது வரை உள்ளவர்களை ஒரு வருஷம், வாரம் 3 நாள், 40 நிமிஷம் வேகமாக நடக்க வைத்தார்கள். வயசானால் வழக்கமாகச் சுருங்குகிற ஹிப்போகேம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் அளவுக்கு வளர்ந்திருந்தது. வில்லாபுரத்திலிருந்து தெப்பக்குளம் ஒன்றும் தூரமில்லை. காலையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடங்கள். கூட நடப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். கூட ஒருவர் வருவது ரொம்ப நல்லது, பேசுவதும் மூளைக்கு வேலைதான். நடை முடிந்து சர்க்கரை போட்ட டீயும் வடையும் மட்டும் வேண்டாம்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி 12-க்குப் போனால் வீடு திரும்பக் காலை 9 ஆகும். யாருக்கு எத்தனை மூடை போட்டேன் என்பதே மறந்து, கணக்கு உதைக்கிறது. வயது 38.
– ஒரு வாசகர், ஒத்தக்கடை

ஊர் தூங்கும்போது நீங்கள் முழித்திருப்பதால்தான் எங்கள் வீட்டில் காலையில் காய் இருக்கிறது. தூங்குங்கள் என்று உங்களுக்குச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது, எப்படி என்று சொல்கிறேன். கடைசி டீயை விடியற்காலை 3 மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் கொஞ்சமாகச் சாப்பிட்டு, 10 மணிக்குள் படுத்துவிடுங்கள். ஜன்னலில் கெட்டியான போர்வை கட்டி அறையை இருட்டாக்குங்கள், காதில் பஞ்சு வையுங்கள், போன் மனைவியிடம் இருக்கட்டும். 4 மணி வரை யாரும் எழுப்பக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் ராத்திரி 10 மணி வாக்கில் இன்னொரு முக்கால் மணி நேரம் கண்ணயருங்கள். லீவு நாளிலும் படுக்கிற நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். குறட்டை பலமாக இருந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொன்னாலோ, எத்தனை மணி நேரம் தூங்கினாலும் மறதி போகாது, அதற்குத் தனியாக டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கணக்கு விஷயம். அதிகாலை 3 முதல் 5 வரை எல்லோருக்குமே மூளை மந்தமாக ஓடும் நேரம், அப்போது ஞாபகத்தை நம்பி வேலை பார்க்காதீர்கள். மூடை வண்டியில் ஏறும்போதே வாங்குகிறவர் பெயரையும் எண்ணிக்கையையும் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் ஆமாம் என்று சொல்லவைத்து, அந்த இடத்திலேயே சிட்டையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் ஓரமாக நிறுத்தி ஒரு இருபது நிமிஷம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், மேலூர் ரோட்டில் அந்த நேரத்துக்கு லாரி அதிகம்.